மலை யார் உடைமை?

பனி பெய்தறியாத நாட்டில் இருந்துகொண்டு பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம், தோழர்களே! சறுக்குவது நம் வேலையன்று. ஆனால் பொதுச் சொத்து சறுக்கிச் செல்வர் மடியில் விழுவதைக் கண்டால் எச்சரிப்பது நம் கடமையன்றோ! முதலாளித்துவத்தின் தாயகமாம் அமெரிக்காவில், நியூஹாம்ப்ஷயர் மாநிலத்து மலைகள் இரண்டு நமக்குப் பாடம் புகட்டுகின்றன.

முதலாவது கேனன் மலை. அது நிற்கும் பிராங்கோனியா கணவாய் ஒரு காலத்தில் தனியார் நிலம். 1923-இல் அங்கிருந்த பெரிய ஓட்டல் எரிந்து சாம்பலாயிற்று. உரிமையாளர் நிலத்தை விற்க முனைந்தனர். மரங்களுக்குக் கோடரி காத்திருந்தது. மக்கள் வாளாவிருந்தனரா? இல்லை! சட்டமன்றம் 2,00,000 டாலர் ஒதுக்கிற்று. மறைந்த செல்வர் ஒருவரின் அறநிதி 1,00,000 தந்தது. எஞ்சிய 1,00,000 டாலரை, ஒரு மரத்துக்கு ஒரு டாலர் என்று மாதர் சங்கங்களும் வனப் பாதுகாப்புச் சங்கமும் பொதுமக்களிடம் திரட்டின. 1928-இல் ஏறத்தாழ 6,000 ஏக்கர் மக்களின் பூங்காவாயிற்று. பயணிகளை வானில் ஏற்றிச் சென்ற கம்பிவட ஊர்தியை 1938-இல் அம்மலையில் அமைத்தது எந்தக் கோடீசுவரன்? எவனுமல்லன், மாநில அரசு!

இரண்டாவது சூனாபி மலை. அங்கும் 1948-இல் சறுக்குத் தளம் திறந்தது அரசே. ஐம்பது ஆண்டு அரசே நடத்திற்று. பிறகு எழுந்தது பழைய பல்லவி: “அரசிடம் முதலில்லை, அரசுக்குத் திறனில்லை!” ஆடு நனைகிறதே என்று ஓநாய்கள் அழுதன. 1998-இல் தளம் குத்தகைக்குப் போயிற்று. குத்தகை எடுத்தவர்கள் அடிவாரத்தில் வீடுகள் எழுப்பும் எண்ணத்தோடு எல்லையை விரிக்கக் கேட்டனர். ஊரார் எதிர்த்தனர், 2006-இல் ஆளுநர் ஜான் லிஞ்ச் மறுத்தார். 2018-இல் நடந்ததென்ன? அரசின் இசைவோடு குத்தகை கைமாறி, தொலைதூரக் கொலராடோவின் வெய்ல் ரிசார்ட்ஸ் கம்பெனியிடம் சென்றது. மலை மக்களுடையது, ஆனால் அதை நடத்துவோர் கணக்குச் சொல்வதோ நியூயார்க் பங்குச் சந்தைக்கு!

அக்கம்பெனியின் குணம் யாது? வெய்ல் மலையில் ஒரு நாள் சறுக்க, அன்றன்று வாங்கும் சீட்டின் விலை 300 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த மலையோ நாட்டின் பொதுக் காடு! 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய காடுகளில் சறுக்குத் தளம் நடத்துவோர் வருவாயில் நூற்றுக்கு ஒன்றரை முதல் நான்கு வரையே அரசுக்குக் கட்டுகின்றனர். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்! இக்கம்பெனியின் பார்க் சிட்டி தளத்தில், விபத்துற்றோரை மீட்கும் தொழிலாளர்கள் தொடக்கக் கூலியை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக்கக் கேட்டனர். அந்த இரண்டு டாலருக்காக, 2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 8 வரை அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

“சூனாபிக் குத்தகைப் பணம்தானே கேனனைச் சீர்செய்ய உதவுகிறது?” என்பர் தனியார்மயத்தின் தரகர்கள். உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பசுவை அடகு வைத்து மற்றொரு பசுவுக்குத் தீவனம் வாங்குவது குடித்தனமா? அடகுப் பணம் கையில் இருக்கும். கறக்கும் உரிமை எவன் கையில் இருக்கும்?

அரசு நடத்தினால் குறையே இராது என்று நாம் சொல்லவில்லை. குறை இருந்தால் கேட்க மன்றம் உண்டு. கேளாதாரை மாற்ற வாக்குச்சீட்டு உண்டு. கம்பெனியின் கதவைத் தட்டும் ஏழைக்குப் பங்குப் பத்திரம் உண்டா?

கேனனையும் குத்தகைக்கு விடுக என்ற குரல் பலமுறை எழுந்தது. எனினும் இன்றுவரை மாநிலமே அதை நடத்துகிறது. ஒரு டாலர் கொடுத்து ஒரு மரத்தைக் காத்தவரின் பேரன் பேத்திகள், அதே மலையில் ஏறப் பங்குதாரரின் தயவை நாடலாமா? கூடாது!

“விற்கவில்லை, குத்தகைதான்” என்ற சொல் எங்கு ஒலித்தாலும் விழித்துக்கொள்ளுங்கள், தோழர்களே! விற்பனையென்றால் வீதிக்கு வந்து போராடுவோம் என்பதை அறிந்தவர்கள் கண்டுபிடித்த சொல் அது!