வயது வந்தோர் பள்ளிக் கல்வியை நிறைவு செய்ய வழி கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தனித்தேர்வர்கள் நலச் சங்கம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: 25 முதல் 64 வயது வரையுள்ளோரின் பள்ளிக் கல்வி நிலையைக் கணக்கிட்டு வெளியிடவும், அவர்கள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை முடிக்க வழிவகை செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

படிப்பைப் பாதியில் விட்டு, வேலைக்குப் போய், குடும்பப் பொறுப்பேற்று, பல ஆண்டுகள் கழித்துத் தனித்தேர்வர்களாகப் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் சங்கம் எங்களுடையது. தையல் தொழிலாளர்களும் சுமைப்பணியாளர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் வீட்டுவேலை செய்யும் பெண்களும் இதில் உறுப்பினர்களாக உள்ளனர்.

தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம் என்கிறது 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. இந்தச் சாதனையில் எங்களுக்கும் பெருமை உண்டு. ஆனால் இது 18 முதல் 23 வயதினரைப் பற்றிய கணக்கு. அவர்களுடைய பெற்றோர் எதுவரை படித்தவர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் எழுத்தறிவு விகிதமே பதிலாகக் கிடைக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அது 80.09 சதவீதம். ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்த, ஏழு வயது நிரம்பிய எவரும் அந்தக் கணக்கில் சேர்வர். ஐந்தாம் வகுப்போடு நின்றவரும் முனைவர் பட்டம் பெற்றவரும் அங்கே ஒரே வரிசைதான்.

பிற நாடுகள் இதை வேறு விதமாக அளக்கின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, 25 முதல் 64 வயதுள்ளோரில் மேல்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. வகுப்புப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால், யுனெஸ்கோவின் பன்னாட்டுக் கல்வித் தர வகைப்பாட்டின்படி அவற்றைப் பொருத்திய பிறகே ஒப்பிடுகிறது. உறுப்பு நாடுகளின் சராசரி ஏறத்தாழ 80 சதவீதம். மெக்சிகோவில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தப் படியை எட்டவில்லை. இப்படி வெளிப்படையாகத் தெரிந்தால்தான் திட்டமும் நிதியும் வரும்.

போர்ச்சுகல் இதற்குச் சான்று. 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே ஐந்தில் ஒருவரே மேல்நிலைக் கல்வி முடித்திருந்தார். இன்று ஏறத்தாழ ஐந்தில் மூவர். இளைய தலைமுறை கூடுதலாகப் படித்தது ஒரு காரணம். பெரியவர்களுக்கு அரசு திறந்த வழி இன்னொன்று. வேலையிலும் வாழ்க்கையிலும் ஒருவர் கற்றதை மதிப்பிட்டு, விடுபட்ட பகுதிக்கு மட்டும் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தரும் முறையை 2001 முதல் செயல்படுத்தி, 2005இல் ‘புதிய வாய்ப்புகள்’ திட்டத்தில் விரிவாக்கினார்கள். தென்கொரியா 1974இலேயே வானொலி, அஞ்சல் வழி உயர்நிலைப் பள்ளிகளைத் தொடங்கி, வழக்கமான பள்ளிகளிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் நேரடி வகுப்பு நடத்தியது. சுவீடனில் 1968 முதல் உள்ளாட்சிகளே முதியோர் பள்ளிகளை நடத்துகின்றன. அண்டை மாநிலமான கேரளத்தில் எழுத்தறிவு இயக்கமே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சமநிலைத் தேர்வுகளுக்கு ஆள்களைத் தயார் செய்கிறது.

இங்கே நிலைமை வேறு. பத்தாம் வகுப்பு எழுதும் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு ஒரு பள்ளியில் பதிவு செய்து, உரிய வருகைப் பதிவோடு முடித்தாக வேண்டும். வகுப்பு வேலை நாளில் நடக்கிறது. எங்கள் உறுப்பினரான தையல் தொழிலாளி ஒருவர், பயிற்சிக்குப் போன ஒவ்வொரு நாளும் கூலியை இழந்தார். நிறுவனம் இரண்டாவது வாரம் விடுப்பு மறுத்ததும் பயிற்சியை நிறுத்தினார். கணக்கும் தமிழும் நன்றாகப் படித்திருந்தவர், செய்முறைப் பயிற்சியை முடிக்காத காரணத்தால் அந்த ஆண்டுத் தேர்வை இழந்தார்.

2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கூறுகளில் இடைநிலை வரையிலான சமநிலைக் கல்வியும் ஒன்று. எங்கள் பகுதி மையங்களிலோ கையெழுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தல், எளிய கணக்கு ஆகியவற்றோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் படிக்க விரும்புகிறவருக்கு அடுத்த படி இல்லை.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தரவுகள் கிடைத்ததும், 25–64 வயதினரில் எட்டு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளை முடித்தோர் விகிதத்தை மாவட்ட வாரியாக, ஆண் பெண் எனப் பிரித்து, பன்னாட்டு வகைப்பாட்டோடு பொருத்தி வெளியிட வேண்டும்.

2. செய்முறைப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை நேரங்களிலும் நடத்த வேண்டும்.

3. ஒன்றியத்துக்கு ஓர் அரசுப் பள்ளியிலாவது வயது வந்தோருக்கான மாலை வகுப்பு தொடங்கி, ஆசிரியர்களுக்கு மதிப்பூதியம் வழங்க வேண்டும்.

4. எழுத்தறிவு மையங்களில் தேறியவர்களை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கும், அங்கிருந்து பத்தாம் வகுப்புக்கும் வழிநடத்தப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

5. முதன்முறை எழுதும் 25 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தேர்வுக் கட்டணத்திலிருந்து விலக்களித்து, பாடநூல்களை விலையின்றி வழங்க வேண்டும்.

6. தொழில் அனுபவத்தை மதிப்பிட்டுக் கல்வித் தகுதியில் சேர்க்கும் முறையை ஆராய வல்லுநர் குழு அமைக்க வேண்டும். அதில் தனித்தேர்வர்களுக்கும் இடம் வேண்டும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கிய அரசு, அவர்களைப் பட்டம் வரை அனுப்பிய தாய் தந்தையருக்கும் பள்ளிக் கல்வியை முடிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். முதல் இரண்டு கோரிக்கைகளுக்கும் பெருஞ்செலவு ஆகாது என்பதால், அவற்றுக்கான ஆணையை அடுத்த பொதுத்தேர்வு அறிவிப்புக்கு முன்பே பிறப்பிக்குமாறும், எங்கள் பிரதிநிதிகள் நேரில் விளக்கமளிக்க நேரம் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: மதுரை

நகல்:
1. இயக்குநர், அரசுத் தேர்வுகள் இயக்ககம், சென்னை – 6.
2. இயக்குநர், பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம், சென்னை – 6.
3. மாவட்ட ஆட்சியர், மதுரை.