க்யூபிட் எத்தனைன்னு கேக்காதீங்க, கம்பியில் என்ன இருக்குன்னு கேளுங்க!

குவாண்டம் கம்ப்யூட்டர் பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும் இரண்டே இரண்டு எண்கள்தான் இருக்கும். ஒன்று, எத்தனை க்யூபிட். இன்னொன்று, எவ்வளவு குளிர். "விண்வெளியை விடக் குளிரான பெட்டி!!" என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு. கூடவே சரவிளக்கு மாதிரி தங்க நிறத்தில் தொங்கும் ஒரு படம். செய்தி முடிந்தது. நாமும் "அடேங்கப்பா" என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மெஷின் உருப்படியாக வேலை செய்யுமா என்று யாராலும் சொல்ல முடியாது. இதுதான் என் கட்சி. மூன்றாவதாக ஒரு விஷயம் இருக்கிறது, அது படத்திலும் தெரியாது, தலைப்பிலும் வராது. வெளியில் இருந்து கம்பி வழியாக உள்ளே இறங்கும் மின் இரைச்சலை எப்படித் தடுத்திருக்கிறார்கள் என்பதுதான் அது.

"பி.காம் படிக்கிற உனக்கு இதெல்லாம் எதுக்கு, டேலி கத்துக்கிற வழியைப் பாரு" என்று சொல்லப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தது என்ன? விற்பனை எவ்வளவு என்று மட்டும் பார்க்காதே, அதில் வாராக்கடன் எவ்வளவு என்றும் பார். க்யூபிட் எண்ணிக்கை என்பது விற்பனை. இரைச்சலில் கெட்டுப்போவது வாராக்கடன். இதைக் கேட்க பிசிக்ஸ் டிகிரி வேண்டாம். அதோடு, 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய குவாண்டம் திட்டத்தின் மதிப்பு 6003.65 கோடி ரூபாய். நம் எல்லோர் பணமும்தான் அது. கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மீகடத்தி, அதாவது சூப்பர்கண்டக்டரில் செய்த க்யூபிட் பொதுவாக 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேலை செய்யும். அந்த அதிர்வெண்ணில் ஒரு ஃபோட்டானின் ஆற்றலை வெப்பமாக மாற்றிச் சொன்னால் வெறும் 0.24 கெல்வின். அதை விட நன்றாகக் குளிர்ந்த இடத்தில்தான் க்யூபிட் நிம்மதியாக இருக்கும். அதனால்தான் 0.02 கெல்வின் வரை குளிர வைக்கிறார்கள். விண்வெளி 2.7 கெல்வின், ஆகவே ஆச்சரியக்குறியில் பொய் இல்லை.

ஆனால் ஃபிரிட்ஜ் குளிர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் க்யூபிட்டும் குளிர்ந்துவிடுமா? அங்கேதான் ஏமாறுகிறோம். க்யூபிட்டுக்குக் கட்டளை அனுப்பக் கம்பி வேண்டும். கம்பியின் மறுமுனை நம் அறையில், 300 கெல்வினில் இருக்கிறது. 300 கெல்வினில் இருக்கும் எந்த ரெசிஸ்டரும் சும்மா இருக்காது, எல்லா அதிர்வெண்ணிலும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் அந்த முணுமுணுப்பு சுமார் 1250 ஃபோட்டான் அளவு. க்யூபிட் தாங்குவதோ ஒரு ஃபோட்டானில் ஆயிரத்தில் சில பங்கு. ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டு ஜன்னலை மே மாத வெயிலுக்குத் திறந்து போட்ட கதைதான்!

"அப்போ ஃபில்டர் போட வேண்டியதுதானே" என்பீர்கள். போடலாம், ஆனால் இரைச்சலும் சிக்னலும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் ஃபில்டர் எதைத் தள்ளும், எதை விடும்? அதற்கு அடையாளம் தெரியாது. அதனால் அங்கே செய்வது வேறு. அட்டெனுவேட்டர் என்று ஒரு சின்ன உலோகத் துண்டை வைத்து இரண்டையும் சேர்த்தே நசுக்குகிறார்கள். சிக்னலை மட்டும் மேலிருந்தே பல மடங்கு பலமாக அனுப்பிக்கொள்ளலாம், இரைச்சலின் அளவோ அறை வெப்பத்தோடு நின்றுவிடும். வழக்கமான கணக்கு 60 டெசிபல், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அந்த 60ஐ ஒரே இடத்தில் வைக்க முடியாது. மொத்தத்தையும் அறையிலேயே வைத்தால், 300 கெல்வினில் இருக்கும் அட்டெனுவேட்டரே தன் பங்குக்கு 300 கெல்வின் இரைச்சலைப் போடும். மொத்தத்தையும் அடித்தட்டில் வைத்தால், நசுக்கிய சிக்னல் எல்லாம் அங்கே வெப்பமாகும். அந்த அடித்தட்டால் வெளியே தள்ள முடிகிற வெப்பமோ சில பத்து மைக்ரோவாட்தான். அதனால் நம்ம டிடிஎஸ் மாதிரி வழியிலேயே கட்டம் கட்டமாகப் பிடித்தம் செய்கிறார்கள். லெட்ஜர் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்:

மேலே: 1250.
4 கெல்வின் தட்டில் 20 டெசிபல்: 1250ல் நூறில் ஒரு பங்கு 12.5. அந்தத் தட்டின் சொந்த இரைச்சல் 16. மொத்தம் சுமார் 28.
0.1 கெல்வின் தட்டில் 20 டெசிபல்: 0.28, சொந்த இரைச்சல் 0.1. மொத்தம் சுமார் 0.4.
0.02 கெல்வின் தட்டில் 20 டெசிபல்: சுமார் 0.004. இங்கே சொந்த இரைச்சல் கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஒரு தட்டில் ஒரு துண்டை மறந்துவிட்டால்? 0.004 என்பது 0.4 பக்கம் போய்விடும். ஃபிரிட்ஜின் தெர்மாமீட்டர் அப்போதும் 0.02 என்றுதான் காட்டும். செய்தியிலும் "விண்வெளியை விடக் குளிர்" என்றுதான் வரும். க்யூபிட் மட்டும் ஓரத்தில் அழுதுகொண்டிருக்கும் :-)

இது உள்ளே போகும் வழி மட்டும். வெளியே வரும் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் 4 கெல்வினில் உட்கார்ந்துகொண்டு தன் இரைச்சலைக் கீழே துப்பும், அதற்கு ஐசொலேட்டர் என்ற ஒருவழிப் பாதை வைக்க வேண்டும்.

இனி மேல் அதிர்வெண்கள். அலுமினியம் மீகடத்தியாக இருக்கும்போது அதில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக ஓடும். சுமார் 90 கிகாஹெர்ட்ஸுக்கு மேலான ஒரு ஃபோட்டான் வந்தால் ஜோடி உடைந்துவிடும். உடைந்த எலக்ட்ரான்கள் க்யூபிட்டைக் கெடுக்கும். கடையில் கிடைக்கிற சாதாரண ஃபில்டர் இங்கே உதவாது. அதில் இருக்கும் கெபாசிட்டரின் கால்களே அந்த அதிர்வெண்ணில் சுருள் மாதிரி நடந்துகொள்ளும், தடுக்க வேண்டியதைக் கதவு திறந்து உள்ளே விடும்.

இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு உலோகக் குழாய். அதற்குள் காப்பிட்ட நீளமான கம்பிச் சுருள். மீதி இடம் முழுக்க நுண்ணிய தாமிரப் பொடியை அடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான், டிகாக்ஷன் போடுகிற மாதிரி! ஒவ்வொரு பொடித் துகளின் மேலும் மெல்லிய ஆக்சைடு தோல் இருப்பதால் துகளுக்குத் துகள் ஒட்டாது. 1 கிகாஹெர்ட்ஸில் தாமிரத்துக்குள் மின்னோட்டம் 2 மைக்ரான் ஆழத்துக்கு மேல் இறங்காது, தோலோடு நின்றுவிடும். பொடியில் தோலின் பரப்பு ஏராளம். ஆகவே உயர் அதிர்வெண் எல்லாம் அந்தத் துகள்களில் சுழன்று வெப்பமாகிச் செத்துப்போகும், மெதுவான சிக்னல் மட்டும் கம்பியில் கீழே இறங்கும்.

இதைப் பயன்படுத்தியவர்கள் யார் தெரியுமா? ஜான் கிளார்க், மிஷெல் டெவொரே, ஜான் மார்டினிஸ். இடம் கலிபோர்னியாவின் பெர்க்லி, காலம் 1984, 85. மூன்று பேருக்கும் 2025ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. கையில் பிடிக்கிற அளவுள்ள மின்சுற்றும் குவாண்டம் விதிப்படி சுரங்கம் தோண்டித் தப்பிக்கும் என்று காட்டியதற்காக.

"ஃபில்டர் எல்லாம் பிளம்பிங் வேலை, சயின்ஸ் இல்லை" என்று ஜல்லி அடிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர்கள் அளந்தது, ஜோசப்சன் சந்தி என்ற அமைப்பு மின்னழுத்தம் இல்லாத நிலையில் இருந்து எவ்வளவு சீக்கிரம் தப்பிக்கிறது என்பதை. வெப்பத்தைக் குறைக்கக் குறைக்க தப்பிக்கும் வேகம் குறைந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையாமல் அப்படியே நின்றது. குவாண்டம் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். ஆனால் கம்பி வழியாக இரைச்சல் வந்து உலுக்கிக்கொண்டே இருந்தாலும் அப்படியேதான் நிற்கும்! பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அப்போது கேள்வி: இது நோபலா, இல்லை மோசமான கம்பியா?

அவர்கள் ஃபில்டர் போட்டதோடு விடவில்லை, ஆடிட்டும் செய்தார்கள். காந்தப்புலம் கொடுத்து அதே சந்தியைக் குவாண்டம் விளைவு எடுபடாத நிலைக்கு மாற்றினார்கள். அதே ஃபிரிட்ஜ், அதே கம்பி, அதே ஃபில்டர். இரைச்சல் இருந்தால் இப்போதும் வேகம் குறையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை, வெப்பத்தோடு சேர்ந்து ஒழுங்காகக் குறைந்தது. கணக்கு டேலி! அந்தச் சரிபார்ப்பு இல்லை என்றால் அந்த அளவீட்டை யாரும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இதற்குப் பெயர் பிளம்பிங் என்றால் எனக்குப் பிளம்பிங்கே போதும்.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். 2023 டிசம்பரில் ஐபிஎம் 1121 க்யூபிட் கொண்ட காண்டோர் சில்லைக் காட்டியது. அதற்காக ஒரே ஃபிரிட்ஜுக்குள் ஒரு மைலுக்கு மேல் வயரிங் போட்டதாக அவர்களே சொன்னார்கள். அதே நாளில் 133 க்யூபிட் ஹெரானையும் காட்டினார்கள். பிழை குறைவு என்று அவர்கள் பெருமையாக முன்னே நிறுத்தியது அந்தச் சின்னதைத்தான். 2024 டிசம்பரில் கூகிளின் வில்லோ வந்தது, வெறும் 105 க்யூபிட். அது முக்கியமானது எண்ணிக்கையால் அல்ல. பிழைதிருத்தத்துக்கு க்யூபிட்டுகளைக் கூட்டக் கூட்ட பிழை ஏறாமல் இறங்கியது என்பதால். செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரிகிறது. தெரியாமல் கைதட்டுவது நாம்தான்.

நம் ஊரிலும் அதே கதை. தேசிய குவாண்டம் திட்டத்தின் இலக்கு "8 ஆண்டுகளில் 50 முதல் 1000 க்யூபிட்". திரும்பவும் எண்ணிக்கை! 2024 ஆகஸ்டில் டிஆர்டிஓவின் புனே ஆய்வகமும் மும்பையின் டாடா ஆய்வு நிறுவனமும் 6 க்யூபிட் மீகடத்திச் சில்லைச் சோதித்து முடித்ததாக அறிவித்தார்கள். "ஆறுதானா?" என்று சிரிப்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. சுத்தமான ஆறு நல்லதா, இரைச்சலில் மூழ்கிய அறுநூறு நல்லதா? ஆறை வைத்துக்கொண்டு கம்பி, ஃபில்டர், கவசம் எல்லாவற்றையும் சொந்தக் கையால் கற்றுக்கொள்கிறவன்தான் நாளைக்கு அறுநூறைத் தாங்குவான். இலக்கு எண்ணிக்கையில் மட்டும் இருந்தால், எண்ணிக்கையைக் காட்டத்தான் எல்லோரும் ஓடுவார்கள். விற்பனை டார்கெட் கொடுத்த சேல்ஸ்மேன் கடனுக்கு அள்ளிவிட்ட கதை நம் கேஸ் ஸ்டடியில் இல்லாததா?

"ஃபில்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" ஆகாது. அண்டவெளிக் கதிர்கள் கம்பி வழியாக வருவதில்லை, நேராகச் சில்லையே தாக்கும். பொருளிலேயே இருக்கும் குறைகளுக்கும் ஃபில்டர் கிடையாது. ஆனால் கம்பி வழியாக வருவது நம் கையில் இருப்பது. அதையே சரியாகச் செய்யாமல் அண்டவெளியைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

ஆகவே மக்களே, அடுத்த முறை "இத்தனை க்யூபிட்!" என்று தலைப்பு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பிழை விகிதம் என்ன? ஃபிரிட்ஜின் வெப்பத்தை விடுங்கள், க்யூபிட்டின் வெப்பம் என்ன? இது இரைச்சல் இல்லை என்று எப்படிச் சரிபார்த்தீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கைதட்டுங்கள், நானும் சேர்ந்து தட்டுகிறேன். பதில் இல்லை என்றால் அது இன்னும் ஆடிட் ஆகாத பேலன்ஸ் ஷீட். கையெழுத்துப் போடாதீர்கள்.

டிஸ்கி: தாமிரப் பொடியில் காபி போட்டுப் பார்க்க வேண்டாம் :-)