ஃபார்மேட் பண்ணிடலாமா சார்?

பிராஞ்சில் ஒரு நாளைக்கு பத்து பேரிடமாவது நான் சொல்லும் வசனம் இது: "தெரியாத லிங்க்கைத் தொடாதீங்க, கண்டதை டவுன்லோடு பண்ணாதீங்க." அப்படிப்பட்ட நான், போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு நாளில், ஒரு பிடிஎஃப்பை வேர்டாக மாற்றுவதற்கு ஓசி கன்வர்ட்டர் தேடினேன். முதலில் கண்ணில் பட்டதை இறக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டேன். இந்த மாதிரி ஓசி கன்வர்ட்டர்கள் வழியாக வில்லங்கம் வருகிறது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., அதன் டென்வர் அலுவலகம், 2025 மார்ச்சிலேயே எச்சரித்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்தும் இருந்தேன். ஹி ஹி.

அரை மணி நேரத்தில் பிரௌசரின் தேடல் பக்கம் மாறிவிட்டது. எதைத் தொட்டாலும் விளம்பரம். சரி, வந்தது வந்துவிட்டது என்று விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுத்தேன். ஏதோ இரண்டு மூன்றைப் பிடித்து அழித்துவிட்டதாகச் சொன்னது. நிம்மதியாக ரீஸ்டார்ட் செய்தால், இன்டர்நெட்டைக் காணோம்!

வைஃபை சின்னம் 'கனெக்டட்' என்கிறது. தங்கமணியின் மொபைலில் அதே வைஃபையில் சீரியல் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. நெட் கம்பெனிக்கு போன் போட்டால், "லைன் நல்லா இருக்கு சார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." செய்தேன். மூன்று முறை.

நான் இருப்பது நாக்பூர். சாயங்காலம் சிபியூவைத் தூக்கிக்கொண்டு சீதாபுல்டியில் ஒரு கடைக்குப் போனேன். பையன் பவர் பட்டனைக்கூட அமுக்கவில்லை. கதையைப் பாதி கேட்டதுமே, "ஃபார்மேட் மார்னா படேகா சாப்" என்றான். ஃபார்மேட் அடிச்சுத்தான் ஆகணுமாம். ஐநூறு ரூபாய், ஒரு மணி நேரம்.

தலையாட்டி விட்டு வந்திருப்பேன். சந்தேகத்துக்கு தங்கமணியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போன் செய்தேன். "அப்பா போட்டோவெல்லாம் அதுலதானே இருக்கு?" என்றாள்.

மாமனார் போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய அறுபதாம் கல்யாணத்துப் படங்கள் ஒரு சிடியில் இருந்தன. சிடி பூஞ்சை பிடித்துப் போவதற்கு முன் நான்தான் காப்பி செய்து டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தேன். டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் இருக்கிறது. ஃபார்மேட் அடிப்பவன் முதலில் துடைப்பது அந்த சி டிரைவைத்தான். "டேட்டா எல்லாம் டி டிரைவுல இருக்கா சார்?" என்று கடைப் பையன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேறு காப்பி எடுத்து வைக்காதது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். பிராஞ்சில் இதே தப்பை வேறொருவர் செய்திருந்தால் ஆடிட் ரிப்போர்ட்டில் அரைப் பக்கம் எழுதியிருப்பார்கள்.

சிபியூவை மறுபடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு வந்த கோபம் அந்தப் பையன் மேல் மட்டும் இல்லை. நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் ஒரே மருந்துதான். ஸ்லோவா, ஃபார்மேட். சத்தம் வரலையா, ஃபார்மேட். நெட் வரலையா, அதுக்கும் ஃபார்மேட். சாயங்காலம் கேஷ் கவுண்டரில் நூறு ரூபாய் இடித்தால் நாங்கள் அன்றைய வவுச்சரையெல்லாம் கொளுத்திவிட்டு, "நாளையிலிருந்து புதுக் கணக்கு" என்று கிளம்புவதில்லை. ஒவ்வொரு வவுச்சராக டிக் அடித்து, எது வரைக்கும் சரி, எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம். பி.காமில் பேங்க் ரீகன்சிலியேஷன் போட்டவர்களுக்குத் தெரியும், வித்தியாசம் எங்கோ ஒரே ஒரு வரியில்தான் ஒளிந்திருக்கும்.

கோயம்புத்தூரில் அக்கா பையன் சாஃப்ட்வேரில் இருக்கிறான். அவனைப் பிடித்தேன்.

"மாமா, டென்ஷன் ஆகாதீங்க. முதல்ல இந்த கம்ப்யூட்டர்ல நெட் பேங்கிங் யூஸ் பண்ணினீங்களா?"

"காலைல பண்ணினேன்டா. இதை இன்ஸ்டால் பண்ணினதுக்கு அப்புறம்."

"அப்போ அத்தை மொபைல்ல பாஸ்வேர்டை எல்லாம் மாத்துங்க. மெயில் பாஸ்வேர்டு முதல்ல. நெட் வராதது ரெண்டாவது பிரச்சினை."

இருபது வருஷமாக பேங்கில் இருக்கும் எனக்கு இது தோன்றவில்லை என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நெட் போனது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பதறுகிறோம். பாஸ்வேர்டு போனால் சத்தமே வராது. (பணமே போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அடியுங்கள், உங்கள் பேங்குக்கும் சொல்லுங்கள். "திங்கட்கிழமை பிராஞ்சுக்கு வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்று வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.)

அப்புறம் டிக் அடிக்க ஆரம்பித்தோம். மொபைலில் நெட் வருகிறது, ஆகவே லைனும் மோடமும் சரி. டிக். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் கொடுக்கச் சொன்னான். பதில் வந்தது. ஆக, கம்ப்யூட்டர் வெளியுலகத்தைத் தொடுகிறது. டிக். எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து பிங். அதற்கும் பதில் வந்தது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் வேலை செய்கிறது. டிக். பிரௌசர் மட்டும்தான் மக்கர் என்றால், "ப்ராக்ஸியைப் பாருங்க மாமா."

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ப்ராக்ஸியைத் திறந்தால், நான் வாழ்க்கையில் தொடாத ஒரு சுவிட்ச் ஆன் ஆகியிருந்தது. முகவரி 127.0.0.1. அதாவது இதே கம்ப்யூட்டர்.

எங்கள் பாஷையில் சொல்கிறேன். கிளார்க்கிடமிருந்து ஆபீசருக்குப் போக வேண்டிய வவுச்சர் எல்லாம் நடுவில் ஒரு திருட்டு ஆளின் மேஜை வழியாகப் போகும்படி யாரோ ஆர்டர் போட்டுவிட்டார்கள். அவன் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்து, விளம்பரம் சொருகி, அனுப்பிக்கொண்டிருந்தான். டிஃபெண்டர் வந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஆர்டரை யாரும் ரத்து செய்யவில்லை. வவுச்சர்கள் இன்னமும் அந்தக் காலி மேஜைக்கே போய்த் தேங்குகின்றன. அவ்வளவுதான் விஷயம்! சுவிட்சை ஆஃப் செய்ததும் நெட் வந்துவிட்டது.

இது ஒன்றும் புதுக் கதை இல்லை. 2000களின் தொடக்கத்தில் நியூ டாட் நெட் என்ற ஒட்டுண்ணியை அழித்தால் கூடவே நெட்டும் போய்விடும். விண்டோஸின் வின்சாக் சங்கிலியில் அது ஒரு கண்ணியாக நுழைந்திருக்கும், பிடுங்கினால் சங்கிலியே அறுந்துவிடும். அந்த அடுக்கைச் சீராக்க 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' என்று ஒரு கட்டளை எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2விலேயே வந்துவிட்டது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் 11ல் 'நெட்வொர்க் ரீசெட்' என்று பட்டனே இருக்கிறது. என்ன, வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

டிஎன்எஸ்ஸை மாற்றிவிடும் ரகம் இன்னும் மோசம். டிஎன்எஸ்சேஞ்சர் என்று ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்திருந்தது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆறு பேரைக் கைது செய்தார்கள். ஆனால் அவர்களுடைய சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை லட்சம் பேருக்கும் அந்த நிமிஷமே நெட் போய்விடும்! அதனால் கோர்ட் உத்தரவு வாங்கி, அதே இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். எட்டு மாதம் அவகாசம் கொடுத்தும், அந்த நாளில் இன்னும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சரி செய்யப்படாமல் இருந்தன. இந்த வகை வைரஸ் சில சமயம் ரௌட்டரின் டிஎன்எஸ்ஸையும் மாற்றிவிடும். ரௌட்டரின் பாஸ்வேர்டு 'அட்மின்' என்றே இருந்தால் அதற்கு வேலை சுலபம். அப்போது கம்ப்யூட்டரை எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும் வியாதி ஹாலில் பச்சை விளக்கு காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என் ரௌட்டரில் என்ன பாஸ்வேர்டு இருந்தது என்று கேட்காதீர்கள் :-)

சரி, நெட் வந்துவிட்டதே, சுபம் போடலாம் என்று பார்த்தால், ஞாயிறு காலை மறுபடி போய்விட்டது. ப்ராக்ஸி சுவிட்ச் தானாக ஆன் ஆகியிருந்தது. டாஸ்க் ஷெட்யூலரில் தேடினோம். அர்த்தமில்லாத பெயரில் ஒரு வேலை, லாகின் ஆகும்போதெல்லாம் ஓடும்படி வைத்திருந்தது. அழித்தேன். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

ஆனால் எனக்கு அந்த மிஷின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. கண்டுபிடித்தது ஒன்று, கண்டுபிடிக்காதது எத்தனையோ? மோசடி செய்த ஸ்டாஃப் ஒரு வவுச்சரைத்தான் மாற்றியிருப்பார் என்று எந்த ஆடிட்டரும் நம்ப மாட்டார். அதனால் மாமனாரின் படங்களை, படங்களை மட்டும், பென்டிரைவில் ஏற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். 214 படங்கள். தங்கமணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னதில் ஞாயிற்றுக்கிழமை போனதே தெரியவில்லை. இரண்டாவதாக இன்னொரு காப்பியும் எடுத்தேன். அதற்குப் பிறகு, நானே ஃபார்மேட் அடித்தேன்.

"அப்போ அந்தக் கடைப் பையன் சொன்னதும் சரிதானே?" என்று கேட்பீர்கள். தங்கமணியும் அதைத்தான் கேட்டாள். வைத்தியம் ஒன்றாகவே இருக்கலாம். என்ன போய்விடும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கத்தியை எடுப்பவனிடம் நான் படுக்க மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அவன் அடித்திருந்தால் 214 படமும் போயிருக்கும், பழைய பாஸ்வேர்டு அப்படியே இருந்திருக்கும், நானும் ஐநூறு ரூபாயில் வேலை முடிந்தது என்று சந்தோஷமாக இருந்திருப்பேன்.

பென்டிரைவ் இப்போது பீரோவில் நகைப்பெட்டிக்குள் இருக்கிறது. அந்த பிடிஎஃப்? அக்கா பையனிடம் கேட்டேன். "வேர்டே பிடிஎஃப்பைத் திறக்குமே மாமா, 2013லேர்ந்து" என்றான்.