பெயரில்லாத பெண்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, மயிலாப்பூரில் பங்கு மன்றம் ஒன்றில் கல்லூரி மாணவர் சிலர் தாம் எடுத்த குறும்படத்தைத் திரையிட்டனர். நாமும் சென்றிருந்தோம். 15 நிமிடப் படம். பள்ளி மாணவன் ஒருவன் மாணவி ஒருத்தியைப் பேருந்து நிறுத்தம் வரை நாள்தோறும் பின்தொடர்கிறான். தந்தை அடிக்கிறார், தாய் அழுகிறாள், ஆசிரியர் கேலிக்கு ஆளாகிறார். முடிவில் மழை, பாட்டு, அப்பெண்ணின் புன்னகை.

கைதட்டல் ஓய்ந்தது. பதினோராம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "அண்ணா, அந்தப் பொண்ணுக்கு ஏன் பேரே வைக்கல? எங்க பின்னால ஒருத்தன் தினமும் வந்தா எங்களுக்குப் பயமாத்தான் இருக்கும்" என்றாள். படம் எடுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அவர்களும் அண்மையில்தான் குமரப் பருவத்தைக் கடந்தவர்கள். எனினும் கதையைத் தம் நினைவிலிருந்து எடுக்கவில்லை. பார்த்த படங்களிலிருந்து எடுத்தனர். 1981-இல் வந்த 'பன்னீர் புஷ்பங்கள்', 'அலைகள் ஓய்வதில்லை' முதல் 2002-இல் வந்த 'துள்ளுவதோ இளமை' வரை, இளம் வயதினர் என்றாலே காதல் என்றுதான் நம் திரை பெரும்பாலும் பழக்கியிருக்கிறது. 'பன்னீர் புஷ்பங்கள்' படத்திலாவது பிள்ளைகளின் மனமறிந்த ஆசிரியர் ஒருவர் உண்டு. தேர்வு அச்சம், நண்பனின் பிரிவு, வீட்டுக் கடன் ஆகியவையும் அவ்வயதின் கதைகள் அல்லவா?

பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோ தம் 27-ஆம் வயதில், 1959-இல், 'நானூறு அடிகள்' என்னும் படத்தை அளித்தார். தம் சிறுவயதின் காயங்களையே அதில் கதையாக்கினார். அதில், சீர்திருத்த விடுதியில் உளநூல் வல்லுநர் ஒருவர் சிறுவனை வினவும் காட்சி உண்டு. வினவுபவர் திரையில் தோன்றுவதில்லை. சிறுவனின் முகம் மட்டுமே தெரிகிறது. சிறுவனாக நடித்த ழான் பியேர் லெயோ பெரும்பாலும் தன் சொந்தச் சொற்களிலேயே விடையளித்தான். இயக்குநர் அங்கே செவிமடுப்பவராக நின்றார்.

ஒரு காலத்தில் தரமணித் திரைப்படக் கல்லூரி போன்ற இடங்களில் பயில்வோர்க்கே கிட்டிய படப்பிடிப்புக் கருவி, இன்று கைபேசியாக நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. கருவிக்குப் பஞ்சமில்லை, கேட்கும் பொறுமைக்கே பஞ்சம்.

அச்சிறுமியின் கேள்வி நம்மையும் சுட்டது. பிரசங்க மேடையில் 'இக்கால இளைஞர்' என்று எத்தனை முறை பேசியிருப்போம்! கைபேசியும் கையுமாய், கீழ்ப்படியாமல் திரியும் அந்த இளைஞனுக்கும் நாம் பெயர் வைத்ததில்லை.

மாணவர்கள் படத்தை மறுபடி எடுக்கப்போகின்றனர். இம்முறை எழுதுமுன் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்பார்களாம். பெற்றோரே, நம் வீட்டுப் பிள்ளையிடம் முதலில் நாம் கேட்போமா? அறிவுரையைச் சற்று ஒதுக்கிவைத்து, இன்றிரவு உணவு வேளையிலேயே தொடங்குவோம்.