கணப்புச் சுவரில் யூரியா எதற்கு?

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளையும் போடுகிற உழவன் நான். நிலம் வாங்கி மலைக்கு வருகிற புது உழவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி மண்ணைப் பற்றி, மீதி வீட்டைப் பற்றி. வீடு என்று பேச்செடுத்தாலே கூடத்தில் ஒரு கணப்பு வேண்டும் என்பார்கள். மார்கழி, தையில் இங்கே உறைபனி விழும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தீ எரிகிற உள்பக்கத்தைக் கொத்தனாரிடம் கேட்டுக் கேட்டு ஒழுங்காகக் கட்டிவிடுகிறார்கள். கோட்டை விடுவது வெளிப்பக்கத்தில்தான். சுற்றுச் சுவரில் என்ன பூசுவது, மேலே என்ன பலகை வைப்பது என்பதை அழகு பார்க்கிறவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அது அழகு வேலை இல்லைங்க, பாதுகாப்பு வேலை.

முதலில் பலகை. எம்.டி.எஃப்., துகள் பலகை, மலிவான ப்ளைவுட் இவற்றை ஒட்டுகிற பசை பெரும்பாலும் யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்தது. சூடு பட்டால் அந்த ஃபார்மால்டிஹைடு கூடுதலாகக் காற்றில் கசியும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. வயலுக்கு ஒரு பிடி யூரியா வேண்டாம் என்று உறுதி எடுத்தவர், பிள்ளைகள் குளிர்காய உட்காருகிற இடத்தில் அதை ஒட்டிவைக்கலாமா?

'நாங்க நல்ல மரம்தான் போடுறோம்' என்பவர்களுக்கும் ஒரு சொல். காய்ந்த மரம் பற்றுவதற்குச் சாதாரணமாக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் இளஞ்சூட்டில் வாடிய மரம் உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகும். அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதனால், 'பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையே' என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

கணப்பு பல வீடுகளில் இருக்கிற அமெரிக்காவின் கட்டட விதி இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. கணப்பு வாயின் விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய எதுவும் கூடாது. 6 முதல் 12 அங்குலத்துக்குள் மரம் வந்தால், விளிம்பிலிருந்து தள்ளியிருக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரைக்கால் அங்குலம்தான் அது முன்னால் நீட்டலாம். அதாவது 8 அங்குலம் தள்ளி வைத்த மரம் 1 அங்குலத்துக்கு மேல் துருத்தக் கூடாது. தரையிலும் கணப்புக்கு முன்னால் குறைந்தது 16 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம் எரியாத தளம் வேண்டும். வாய் பெரிதானால் இந்த அளவும் கூடும். நான் இன்னும் எளிதாகச் சொல்வேன்: மேலே மரமே வேண்டாம். ஒரு கடப்பைக்கல் பலகை போதும்.

அடுத்து பூச்சு. இறுகிய சிமெண்டுக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது. சூடு ஏற ஏற அந்த நீர் வெளியேறும். பூச்சு சுருங்கிக் கீறல் விடும். கீறல் உள்சுவர் வரைக்கும் போனால் புகையும் கசியும். அதில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மண்பூச்சு அப்படி இல்லை, சூட்டோடு ஒத்துப்போகும். ஒரு பங்கு களிமண், இரண்டு மூன்று பங்கு சலித்த மணல், பொடியாக நறுக்கிய வைக்கோல். மண்ணுக்கு மண் குணம் மாறும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளங்கை அளவுக்கு நாலைந்து விதமாகப் பூசிக் காயவிடுங்கள். வெடித்தால் மணலைக் கூட்டுங்கள், தேய்த்தால் உதிர்ந்தால் களியைக் கூட்டுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்ப வேண்டாம். மலைப்பனியில் காய நாளாகும். அவசரப்பட்டு முதல் நாளே பெருந்தீ மூட்டாதீர்கள். நன்கு உலர்ந்த பிறகு சில நாள் சுள்ளித் தீ, அப்புறம்தான் கட்டை.

மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பு. எனாமலும் பிளாஸ்டிக் பெயின்டும் சூட்டில் கொப்பளித்து நாறும். சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள். சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சூடு தடுக்கும் என்று பழைய கல்நார் அட்டையை யாராவது கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்கு எமன். கணப்புச் சுவருக்குள் மின்கம்பியும் ஓட வேண்டாம். சாதாரண பி.வி.சி. கம்பி 70 டிகிரிக்குத்தான் தாங்கும்.

'மண்ணுன்னா உதிரும், வருஷா வருஷம் பூசணுமே' என்று சலித்துக்கொள்கிறார்கள். ஆமாம், பூசணும். அறுவடை முடிந்ததும் ஒரு நாள், புகைபோக்கியைக் கரி தட்டித் துடைத்து, சுவரில் கீறலைத் தேடி மெழுகிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை சுவரை உற்றுப் பார்க்க வைப்பதே மண்பூச்சின் பெரிய நன்மை என்பேன். பளபளப்பான பலகைக்குப் பின்னால் மரம் கருகினாலும் சுவர் வெடித்தாலும் நமக்குத் தெரியாது. மண்சுவரில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் குளிருக்கு முன்னால் கணப்பு கட்டுகிறவர்கள் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கொத்தனாரோடும் ஆசாரியோடும் சேர்ந்து நில்லுங்கள். பலகை எங்கே வரும் என்பதை முதலில் சுவரில் கோடு போட்டு முடிவு செய்யுங்கள். அழகை அப்புறம் பேசிக்கலாம்.