வாக்குச் சாவடியில் வாத்தியார்



ஊராட்சித் தேர்தல் என்றதும் கொடியும் கோஷமும் நம் நினைவுக்கு வருகின்றன. வாக்குப் பெட்டியைக் காத்து நிற்கும் ஆசிரியரை நினைப்பார் யார்? அவரின்றித் தேர்தல் இல்லை. ஆனால் அந்தத் தேர்தலில் “முடியாது” என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

நாம் தமிழகம் விட்டு வந்து பயிலும் இந்த உத்தரப் பிரதேசத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 2021 ஏப்ரலில், கொரோனாவின் இரண்டாம் அலை வீட்டுக்கு வீடு சாவோலை நீட்டிய வேளையில், நான்கு கட்டங்களாகப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. தள்ளி வையுங்கள் என்று ஆசிரியர் சங்கத்தார் மன்றாடினர். கேட்பாரில்லை. மே 2ஆம் நாள் வாக்கு எண்ணிக்கையும் தொடங்கியது. ஆசிரியரும் ஊழியருமாக 1,621 பேர் மாண்டனர் என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது. கல்வித் துறையோ, மூவர் என்றது!

மலைக்கும் மடுவுக்குமான இந்த வேறுபாடு எப்படி வந்தது? பணிக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் வீடு திரும்பும் வரை நேர்ந்த சாவு மட்டுமே கணக்கில் சேரும் என்பது அன்றைய விதி. அறிவியல் பயிலும் எனக்கு இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. தொற்றிய கிருமி தன் வேலையைக் காட்டவே சில நாளாகும்; உயிரைக் குடிக்க வாரங்களும் ஆகலாம். கண்டனம் எழுந்த பின்னரே, பணி நாளிலிருந்து 30 நாள் என்று விதி தளர்ந்தது. குடும்பத்தார்க்கு 30 இலட்ச ரூபாய் என்றும் அறிவித்தனர். போன உயிர் போனதுதான்.

“ஆசிரியரை விட்டால் ஆள் ஏது?” என்பர். நியாயமான கேள்வியே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், 27ஆம் பிரிவில், தேர்தல் பணிக்கு இடம் தருகிறது. ஆசிரியரை விலக்கி விடுங்கள் என்று நானும் கூறவில்லை. ஊரார் நம்பும் மனிதர் சாவடியில் இருப்பது நல்லதே. ஆனால் அவர் அஞ்சாமல் இருக்க வேண்டாமா?

கட்சிக்காரர் வாய் திறந்து மிரட்ட வேண்டியதில்லை. மாற்றல் உத்தரவு யார் சொல்லுக்கு ஆடும் என்பதை ஆசிரியர் அறிவார். தேர்தல் நன்னடத்தை விதிகள் காப்பது சில வாரங்களே. வென்றவர் பதவியில் இருப்பதோ ஐந்து ஆண்டுகள்! கர்நாடகம் 2007லேயே ஆசிரியர் மாற்றலுக்கென ஒரு சட்டம் செய்து, கலந்தாய்வு முறையை அதில் வைத்தது. மாற்றல் ஒருவர் தயவாக இராமல் சட்டமாக இருக்கட்டும். நோயுற்றவர் சொல்லைக் கேட்டு விடுப்பு அளிக்கட்டும். இவ்விரண்டும் ஒவ்வொரு மாநிலத்திலும் வேண்டும் என்பதே என் கருத்து.

அரசுப் பள்ளியில் படித்து இங்கு வந்தவர் நம்மில் பலர். “அரசுப் பள்ளி ஆசிரியர் எங்கே பாடம் நடத்துகிறார்?” என்று விடுதியில் எவரேனும் கேலி பேசினால், வாய்மூடி இராதீர்கள். அவர் எங்கே அனுப்பப்பட்டார், யார் அனுப்பினார் என்று திருப்பிக் கேளுங்கள்.