பூனை பாக்கெட்டில் '40 சதவீத புரோட்டீன்'... நம்பரை மட்டும் நம்பினால் பர்ஸ் காலி!

தியாகதுருகம்: நம்ம ஊரில் பூனைக்கு என்று தனியாக யாரும் சமைத்தது கிடையாது. மிஞ்சின சோற்றில் ரெண்டு கரண்டி பால், ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் தலை, மீதிக்கு குடோனில் ஓடுகிற எலி. அதோடு கதை முடிந்தது.

இப்போது நிலைமை தலைகீழ். கள்ளக்குறிச்சி பெட் ஷாப்பில் மட்டும் அல்ல, மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப்பில் கூட பூனை படம் போட்ட பாக்கெட் தொங்குகிறது. பெர்சியன் பூனை வளர்ப்பவர்கள்தான் வாங்குகிறார்கள் என்றில்லை. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்ப்பவர்களும் வாங்குகிறார்கள். அதில் லேட்டஸ்ட் மோகம் 'ஹை புரோட்டீன்', 'பிரீமியம்' என்று அச்சடித்த கவர். 30 சதவீதம், 36 சதவீதம், 40 சதவீதம் என்று நம்பர் ஏற ஏற விலையும் ஏறுகிறது.

பிள்ளைக்கு ஹார்லிக்ஸ் வாங்கவே யோசிக்கிற வீட்டில் பூனைக்கு இவ்வளவு செலவு தேவையா? அந்த நம்பரில் உண்மையில் என்னதான் இருக்கு? கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

பூனை சுத்த அசைவம்

முதலில் ஒரு விஷயம். பூனைக்கு புரோட்டீன் வேண்டும் என்பது கம்பெனிக்காரன் கட்டின கதை இல்லை. நிஜம்தான். நாய் சோறும் தின்னும், கறியும் தின்னும். பூனை உடம்பு அப்படி இல்லை. அது மாமிசத்தை நம்பியே படைக்கப்பட்ட பிராணி. எலியின் உடம்பில் தண்ணீரை எடுத்துவிட்டுப் பார்த்தால் பாதிக்கும் மேல் புரோட்டீன்தான். ஆக, ஒரிஜினல் பிரீமியம் புட் எலிதான்!

இன்னொரு சமாச்சாரம் டாரின். இதுவும் புரோட்டீன் குடும்பத்துச் சத்து. மற்ற பல விலங்குகள் இதைத் தன் உடம்பிலேயே தயாரித்துக் கொள்ளும். பூனையால் போதுமான அளவு தயாரிக்க முடியாது. கறி, மீனில் இருந்துதான் கிடைக்க வேண்டும். டாரின் இல்லை என்றால் கண் பார்வை போகும், இதயம் வீங்கும். 1987ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக மருத்துவர்கள்தான் இதயம் வீங்கிச் சாகிற பூனைகளுக்கு டாரின் குறைவுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதிர்ச்சி என்னவென்றால் அந்தப் பூனைகள் கடையில் விற்ற பாக்கெட், டின் தீனியைத் தின்று வளர்ந்தவை. அதன் பிறகுதான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின.

அதனால் பால் சோறும் தயிர் சாதமும் மட்டுமே போட்டு பூனை வளர்ப்பவர்கள் யோசிக்க வேண்டும். 'எங்க வீடு சைவம், பூனையும் சைவம்' என்பது பெருமை இல்லை, பூனைக்கு தண்டனை. நாய்க்கு வாங்கின பாக்கெட்டையே பூனைக்கும் கொட்டுவதும் தப்பு. நாய் தீனியில் டாரின் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சரி, எவ்வளவு புரோட்டீன் போதும்?

அமெரிக்காவில் தீவன அளவு நிர்ணயிக்கும் ஆப்கோ என்ற அமைப்பின் கணக்குப்படி, தண்ணீர் நீக்கிய எடையில் பெரிய பூனைக்கு குறைந்தது 26 சதவீதம், குட்டிக்கும் சினைப் பூனைக்கும் குறைந்தது 30 சதவீதம் புரோட்டீன் இருக்கணும்.

நாலு கிலோ எடை உள்ள வீட்டுப் பூனை ஒரு நாளைக்கு 60 கிராம் அளவுக்கு உலர் தீனி சாப்பிடும். அந்தக் கணக்கில் பார்த்தால் அதற்கு நாள் ஒன்றுக்கு குறைந்தபட்ச தேவை சுமார் 14 கிராம் புரோட்டீன். 30 சதவீத பாக்கெட்டில் 60 கிராம் போட்டால் 18 கிராம் வந்துவிடுகிறது. 40 சதவீத பாக்கெட்டில் 24 கிராம்.

இப்போது காசுக் கணக்கு. ஒரு பாக்கெட் கிலோ 300 ரூபாய், இன்னொன்று கிலோ 900 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதம் 1.8 கிலோ ஆகும். முதலாவதுக்கு 540 ரூபாய். இரண்டாவதுக்கு 1,620 ரூபாய். 2025-26ம் ஆண்டுக்கு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். அதாவது கிட்டத்தட்ட ஐந்து நாள் கூலி ஒரு பூனையின் ஒரு மாத தீனிக்குப் போகுது. 30ல் இருந்து 40க்கு நம்பர் ஏறியது மூன்றில் ஒரு பங்கு. விலை ஏறியதோ மூன்று மடங்கு.

நம்ம மக்காச்சோளம் நமக்கே வருது

சரி, நல்லதுக்குத்தானே கூட கொடுக்கிறோம் என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பாக்கெட்டின் முன்பக்கம் கோழி படம். திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். நிறைய பாக்கெட்டில் முதல் இடத்திலோ இரண்டாம் இடத்திலோ 'கார்ன்', 'கார்ன் குளூட்டன் மீல்' என்று இருக்கும். கார்ன் என்றால் வேறு ஒன்றும் இல்லை, தியாகதுருகம் சுத்துப்பட்டு காட்டில் விளையுதே, அதே மக்காச்சோளம்தான்.

நம்ம பக்கத்து மக்காச்சோளம் நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய், அதாவது கிலோ 24 ரூபாய். கிலோ 24 ரூபாய்க்கு விற்ற விவசாயியே, அதே மக்காச்சோளம் கலந்த தீனியை பல மடங்கு விலை கொடுத்து பூனைக்கு வாங்கி வரும் கூத்து நடக்குது.

மக்காச்சோளம் விஷம் இல்லை. பூனைக்கு அதில் இருந்தும் கொஞ்சம் சத்து கிடைக்கும். ஆனால் 'புரோட்டீன் 36 சதவீதம்' என்ற நம்பர் கோழிக்கறியில் இருந்து வந்ததா, சோளத்தில் இருந்து வந்ததா என்று அந்த நம்பர் சொல்லாது. பூனை உடம்புக்கு வேண்டிய டாரின் சோளத்தில் கிடையாது, தனியாகச் சேர்க்கணும்.

ஒரு தந்திரத்தையும் கவனியுங்கள். கோழி முதல் இடத்தில் இருக்கும். அது பச்சைக் கறி என்றால் முக்கால் பங்கு தண்ணீர், காய்ந்த பிறகு அளவு சுருங்கிவிடும். இன்னொரு பக்கம் கார்ன், கார்ன் குளூட்டன், அரிசி என்று தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் தானியம்தான் ஜாஸ்தி. 'பிரீமியம்' என்ற வார்த்தைக்கு ஆப்கோ விதிகளில் கூட தனி அர்த்தம் கிடையாது. யாரும் போட்டுக் கொள்ளலாம். 'வித் சிக்கன்' என்று போட அங்கே 3 சதவீதம் கோழி இருந்தாலே போதும்.

நம்பரிலேயே மோசடி நடந்த கதை

புரோட்டீன் நம்பரை எப்படி கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? நேரடியாக இல்லை. தீனியில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். கறியில் வந்த நைட்ரஜனா, இறகில் வந்ததா, கெமிக்கலில் வந்ததா என்று அந்த சோதனைக்குத் தெரியாது.

இந்த ஓட்டையில்தான் 2007ல் பெரிய அநியாயம் நடந்தது. சீனாவில் இருந்து போன கோதுமை குளூட்டனில் மெலமின் என்ற கெமிக்கலைக் கலந்து புரோட்டீன் அளவை உயர்த்திக் காட்டினார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்கிற சாமான் அது. அமெரிக்கா, கனடாவில் பூனை, நாய்கள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மெனு புட்ஸ் என்ற ஒரே கம்பெனி 6 கோடி டின், பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றது. மறு வருஷம் 2008ல் அதே மெலமின் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் வந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். பூனை தீனியில் அடித்த எச்சரிக்கை மணி யார் காதிலும் விழவில்லை.

நம்ம நாட்டு உணவு பாதுகாப்பு சட்டம் மனிதர்கள் சாப்பிடும் உணவுக்குத்தான். கால்நடை தீவனம் அந்த சட்டத்தின் 'உணவு' என்ற விளக்கத்தில் வராது. ஓட்டல் பரோட்டாவை சோதிக்கிற அதிகாரி பூனை பாக்கெட்டை அந்த சட்டத்தில் சோதிக்க முடியாது. ஆனால் வரி மட்டும் கரெக்டாக வந்துவிட்டது. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது சில்லரையில் விற்கும் நாய், பூனை தீனிக்கு 18 சதவீதம் போட்டார்கள். பாக்கெட்டை விற்கிறவனே அதன் தரத்துக்கும் சாட்சி. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது இதுதான்.

டின்னில் 8 சதவீதம், கவரில் 32 சதவீதம்: எது ஒசத்தி?

குழம்புத் தீனி பவுச்சில் 'புரோட்டீன் 8 சதவீதம்' என்று இருக்கும். உலர் தீனியில் 32 சதவீதம். 8 எங்கே, 32 எங்கே என்று பவுச்சைத் தள்ளிவிடுகிறோம். தப்புக் கணக்கு. பவுச்சில் 82 சதவீதம் தண்ணீர். மீதி 18 பங்கில் 8 பங்கு புரோட்டீன், அதாவது 44 சதவீதம். உலர் தீனியில் தண்ணீர் 10 சதவீதம்தான். மீதி 90ல் 32 என்றால் 35 சதவீதம் சொச்சம். ஆக, பவுச்தான் ஒரு படி மேலே. தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிடணும்.

தண்ணீர் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. போன கோடையில் எங்க வீட்டு கடுவன் பூனைக்கு நானும் ஆசையாக ஒரு ஹை புரோட்டீன் பாக்கெட் வாங்கிப் போட்டேன். நல்லா தின்னான். தண்ணிக் கிண்ணத்தைத் திரும்பிக்கூட பார்க்கவில்லை. ஒரு நாள் மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினான், ஒரு சொட்டு வரலை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடினோம். நல்லவேளை, டாக்டரிடம் தூக்கிப் போனோம். சிறுநீர் அடைப்பு, ஒரு நாள் தாமதித்திருந்தால் செத்திருப்பான் என்றார். தீனி மேல் பழி போடவில்லை. காய்ந்த தீனி போட்ட நான் தண்ணிக்கு வழி செய்யலை, அதுதான் தப்பு. கடுவன் பூனை உள்ள வீட்டில் இந்த அறிகுறியை மறக்காதீங்க. ராத்திரி ஆனாலும் உடனே மருத்துவரிடம் போகணும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

* 'கம்ப்ளீட்' அல்லது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்கணும். 'காம்ப்ளிமென்டரி', 'ட்ரீட்' என்றால் அது மிட்டாய் மாதிரி, சாப்பாடு இல்லை. நக்கிச் சாப்பிடும் குச்சி பாக்கெட்டுகள் பெரும்பாலும் இந்த ரகம்.

* முதல் மூன்று சேர்மானத்தில் கோழி, மீன், கறி அல்லது அதன் மீல் குறைந்தது இரண்டு இருந்தால் நல்லது.

* டாரின் என்ற பெயர் பட்டியலில் இருக்கணும். இல்லை என்றால் வாங்காதீங்க.

* குட்டிக்கு குட்டி பாக்கெட், பெரியதுக்கு பெரியது.

* மூட்டையைப் பிரித்து பாலிதீன் கவரில் கட்டி விற்பதில் தேதி தெரியாது, கொழுப்பு சிக்கு வாடை அடித்திருக்கும். தவிர்ப்பது நல்லது.

* புது தீனிக்கு மாறும்போது பழையதோடு கலந்து 7 முதல் 10 நாளில் மாற்றுங்க. 'பசித்தால் தின்னும்' என்று பட்டினி போடாதீங்க. ரெண்டு மூணு நாள் தின்னாத பூனைக்கு ஈரல் கெட்டுவிடும், குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம்.

வீட்டுச் சாப்பாட்டையும் ஒதுக்க வேண்டாம். எலும்பு நீக்கிய கோழி, அவித்த மத்தி மீன், கோமுகி அணை கெண்டை எல்லாமே நல்ல புரோட்டீன்தான். உப்பு, காரம், வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தையே கெடுக்கும். கெண்டையைப் பச்சையாகப் போட்டால் பி1 வைட்டமினை அழித்துவிடும், அவித்துத்தான் போடணும். அவித்த தண்ணியைக் கொட்டாதீங்க, டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். சூடு ஆறவைத்து உலர் தீனி மேல் ஊற்றினால் தண்ணியும் உள்ளே போகும். ஆனால் வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது, அதனால் இது பத்தில் ஒரு பங்காக இருந்தால் போதும்.

அப்போ பிரீமியமே வேண்டாமா?

அப்படி இல்லை. வளரும் குட்டி, சினைப் பூனை, பால் கொடுக்கும் தாய் ஆகியவற்றுக்கு கறி அதிகம் உள்ள நல்ல தீனி பலன் தரும். சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ள பூனைக்கும் மருத்துவர் சொன்னால் தாராளமாக வாங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ள வயசான பூனைக்கு மட்டும் கேட்காமல் ஹை புரோட்டீன் போடக் கூடாது. நம்ம ரோட்டிலேயே மேற்கே போனால் தலைவாசல் கூட்ரோட்டில் 2020ல் அடிக்கல் நாட்டி கட்டிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உள்ளூர் கால்நடை மருத்துவரிடமும் கேட்கலாம். கடைக்காரர் சொல்வது வியாபாரம், மருத்துவர் சொல்வது வைத்தியம்.

மத்தபடி ஆரோக்கியமாக ஓடியாடும் சாதாரண வீட்டுப் பூனைக்கு மேலே சொன்னவற்றில் பாஸ் ஆகிற நடுத்தர விலை பாக்கெட்டே போதும். அந்தக் கணக்கில் மாதம் 1,080 ரூபாய் மிச்சம். அந்தக் காசில் முதல் வேலையாக வெறிநோய் தடுப்பூசி போடுங்கள், அடுத்து கருத்தடை செய்யுங்கள். 40 சதவீத புரோட்டீன் தின்கிற பூனைக்கு ஊசி போடாமல் விட்டு, அது வீட்டுப் பிள்ளையைக் கடித்தால் அப்போது எந்த நம்பரும் உதவாது.

அடுத்த முறை கடைக்குப் போனால் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்காதீங்க. திருப்பிப் பாருங்க.